கஸ்பாருக்கு மட்டும் தெரிந்த வெளிச்சம்

கஸ்பாரை அடக்கம் செய்த அன்று, சேலம் அரிசிப்பாளையம் கோயிலில் பங்குச் சாமியார் அவரைப் பொறுமைசாலி என்று சொன்னார். சாமியார் ஊருக்குப் புதியவர். இறந்தவர்களுக்கென்று வைத்திருக்கும் நல்ல சொற்களில் ஒன்றை எடுத்துச் சொல்லியிருப்பார். அதில் குற்றமில்லை. ஆனால் அதுவரை அழுதுகொண்டிருந்த கஸ்பாரின் மனைவி இன்பமேரி, அந்தச் சொல்லைக் கேட்டதும் தலையை நிமிர்த்திப் பார்த்தார். வெளியே வந்தபின் என்னிடம் சொன்னார்:

"பொறுமைங்களா? பீடத்துல ஒரு மெழுகுவத்தி சாஞ்சிருந்தாக்கூட அந்த மனுசனால முட்டி போட்டிருக்க முடியாதுங்க. பாதிப் பூசையில எந்திரிச்சுப் போயி நிமித்தி வெச்சுட்டு வருவாரு. எனக்குத்தான் மானம் போவும்."

அவர் சொன்னதுதான் உண்மை. கஸ்பாருக்கு இருப்புக் கொள்ளாது. மோகனூரில் எங்கள் வீட்டுக் காரைப் பதினோரு வருடம் ஓட்டியவர் அவர். புறப்படும் முன் காரை மூன்று முறை சுற்றி வருவார். கஸ்பார் பிரதட்சிணம் முடிக்கட்டும், அப்புறம் ஏறலாம் என்று அப்பா கேலி செய்வார். போய்ச் சேர்ந்ததும் நான்கு சக்கரங்களையும் உள்ளங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பார். சாப்பிட உட்கார்ந்தால், காரின் தண்ணீர் மூடியைத் திருகினோமா என்று சந்தேகம் வந்துவிடும். சோற்றுக் கையோடு எழுந்து போவார். இலையில் உட்கார்ந்தாலும் கஸ்பாருக்குக் கால் ஆடுகிறது என்று அம்மா சொல்லுவார்.

சேலத்தில் பிறந்தவர். மேட்டூரில் அணை கட்டிய காலத்தில் ஏழெட்டு வருடம் மின்சாரக் கம்பி இழுக்கும் வேலையில் இருந்தார். அணை முடிந்ததும் ஆட்களை அனுப்பிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பினார். அவருடைய காரை என் அப்பா அர்த்தநாரி வாங்கினார். காரோடு ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டியிருந்தது. கஸ்பார் வந்தார். வந்த நாள் முதல் அவருக்கு ஒரு நாளும் நிம்மதி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் இருந்த பதினோரு வருடமும் எங்களுக்கு நிம்மதி இருந்தது. இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

நான் எழுத நினைப்பது முப்பத்தெட்டாம் வருடத்துச் சங்கதி ஒன்றை. என் தங்கை வசந்தாமணி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நாமக்கல் டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, வலி கண்டதும் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கார்த்திகை கடைசியில் நாள் குறித்திருந்தார். மோகனூரிலிருந்து சேலம் நாற்பது மைலுக்கு மேல். பகலோ இரவோ, மழையோ வெயிலோ, எங்களுக்கு அந்தக் கார் ஒன்றுதான் வழி.

ஆயுத பூசை முடிந்து பத்து நாள் இருக்கும். பரமத்தியிலிருந்து அப்பாவும் நானும் வந்துகொண்டிருந்தோம். பொழுது இறங்கும் நேரம். கஸ்பார் திடீரென்று காரை ஓரம் கட்டினார். ஆனால் இஞ்சினை நிறுத்தவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைமேலும் முன்பலகை மேலும் போட்டுக்கொண்டு குனிந்தார். படம் பிடிக்கிறவர் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவாரே, அப்படி. உள்ளேயிருந்தபடி காலால் இஞ்சினை உறுமவிட்டார். வெளியே வந்தபோது அவர் முகம் சரியில்லை.

அந்தக் காரின் முன்பலகையில் சிவப்பாக ஒரு சிறு விளக்கு உண்டு. சாவியைத் திருப்பினால் எரியும். கார் ஓட ஆரம்பித்ததும் அணைந்துவிடும். இஞ்சின் சுழற்றும் டைனமோவிலிருந்து பாட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறது என்பதற்கு அந்த விளக்கு அணைவதுதான் அடையாளம். அது இப்போது அணையவில்லை என்றார் கஸ்பார். நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. துண்டுக்குள் தலையை விட்டுப் பார்க்கச் சொன்னார். கண் இருட்டுக்குப் பழகியபின் தெரிந்தது. சாம்பல் மூடிய தணல் போல் ஒரு மங்கல் சிவப்பு. அவர் காலை அழுத்தினால் கொஞ்சம் கூடியது, தளர்த்தினால் குறைந்தது. வேகம் கூடினால் அணைய வேண்டிய விளக்கு, வேகம் கூடக் கூட எரிந்தது. அதுதான் அவரைக் குடைந்தது.

அன்றிலிருந்து ஒரு மாதம் அவர் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. முதலில் பல்பை மாற்றினார். பாட்டரி முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். விசிறிப் பட்டையை இறுக்கினார். டைனமோவைக் கழற்றிப் பெட்ரோலில் துடைத்து மாட்டினார். ஒவ்வொன்றும் முடிந்ததும் துண்டைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். எரியும். சேலத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். அவர்கள் பகல் வெளிச்சத்தில் பார்த்தார்கள். மின்சாரம் காட்டும் முள் சரியாகக் காட்டுகிறது, பாட்டரி ஏறுகிறது, இது ஒரு கோளாறே இல்லை, பேசாமல் ஓட்டு என்று அனுப்பிவிட்டார்கள்.

நாமக்கல் கார் நிலையத்தில் செய்தி பரவிவிட்டது. பஸ் ஓட்டும் சின்னராஜ் அவருக்கு மின்மினி வைத்தியர் என்று பேர் வைத்தார். எங்கள் காரைக் கண்டால், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "இன்னிக்கி மின்மினிக்கு நாடி எப்பிடி இருக்குதுங்க?" என்று கேட்பார். கஸ்பார் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். அவர் காதில் விழுந்திருக்குமா என்பதே சந்தேகம்.

கடைசியில் அப்பாவுக்கே சலித்துவிட்டது. "ஏப்பா கஸ்பாரு, அந்தப் பல்பைக் கழட்டி எறிஞ்சு போடு. எரியறதும் தெரியாது, அணையறதும் தெரியாது" என்றார்.

"கழட்டலாமுங்க. வெளிச்சந்தான் போவும், வெசனம் போவாதுங்க."

சொல்லிவிட்டு, இன்று ஏறுகிற மின்சாரம் நாளைக்கும் ஏறும் என்று நம்ப முடியாது என்றார். எங்கேயோ தடை இருக்கிறது. தடை வளரும். கார்த்திகை மழையில் முன்விளக்குகளும் கண்ணாடி துடைப்பானும் சேர்ந்து ஓடினால் பாட்டரி தாங்காது. வழியில் நின்றால் காருக்குள் இருக்கப்போவது வசந்தாமணி. இதை அவர் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அப்பா அதற்குப் பிறகு பல்பைப் பற்றிப் பேசவில்லை.

அன்று மாலையே கஸ்பார் வாய்க்கால் பக்கம் போய் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் அப்பாவிடம் வந்து, வாய்க்காலிலும் வயலிலும் தண்ணீர் ஒரே மட்டமாக இருந்தால் மடைவாயில் கிடக்கும் சருகு எந்தப் பக்கமும் போகாதல்லவா என்று கேட்டார். அப்பா ஆமாம் என்றார். மடையில் அடைப்பு இருந்தால் இந்தப் பக்கம் மட்டம் ஏறி நிற்கும், அந்தப் பக்கம் இறங்கி நிற்கும் அல்லவா என்றார். அதற்கும் ஆமாம். விளக்கும் அந்தச் சருகு மாதிரிதான் என்றார் கஸ்பார். ஒரு முனை டைனமோவின் பக்கம், மறுமுனை பாட்டரியின் பக்கம். இரண்டும் சமமாக இருந்தால் விளக்கில் ஓட்டமில்லை, எரியாது. எரிகிறதென்றால் இடையில் எங்கோ மடை அடைத்திருக்கிறது. தான் இத்தனை நாள் வாய்க்காலையும் வயலையுமே பழுது பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அடைப்பு எந்த இணைப்பில் என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. ஒரு துண்டுக் கம்பியால் ஒவ்வொரு இணைப்பையும் ஒட்டுப் போட்டுப் பார்ப்பது. எந்த இடத்தில் ஒட்டுப் போட்டால் விளக்கு அணைகிறதோ அந்த இடத்தில்தான் கோளாறு. ஆனால் இஞ்சின் பக்கத்தில் கம்பியோடு நிற்கிறவர் உள்ளே விளக்கைப் பார்க்க முடியாது. துண்டுக்குள் ஒரு ஆள் வேண்டும். நான் போனேன். எனக்கு முன்பே வசந்தாமணி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து அவளுக்கும் போதும் போதும் என்றாகியிருந்தது. நிறைமாதக்காரி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு காரில் உட்காருவதா என்று அம்மா வாசலிலிருந்து சத்தம் போட்டார். அவள் கேட்கவில்லை.

வண்டி நிறுத்தும் சாளையில் கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. நான் காலால் மிதியை அழுத்திப் பிடித்திருந்தேன். கஸ்பார் டைனமோவில் தொடங்கினார்.

"அம்மிணி, இப்ப?"

"எரியுதுங்கண்ணா."

"இப்பங்க?"

"எரியுது. என்னையப் பாத்துச் சிரிக்குது."

இப்படியே இணைப்பு இணைப்பாக வந்தார். கடைசியில் மிச்சமிருந்தது கட்-அவுட் பெட்டி ஒன்றுதான். டைனமோவையும் பாட்டரியையும் சேர்ப்பதும் பிரிப்பதும் அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியின் வேலை. அதன் பித்தளை முனைகள் தங்கம் போல் மின்னிக்கொண்டிருந்தன. காரிலேயே மிகச் சுத்தமான இடம் அதுதான். அதனால்தான் ஒரு மாதமும் அதைத் தொடாமல் விட்டிருந்தார். பாட்டரிக்குப் போகும் கம்பியின் நுனிக்கும் பித்தளை முனைக்கும் ஒட்டுப் போட்டார்.

துண்டுக்குள்ளிருந்து சத்தமே வரவில்லை.

"அம்மிணி?"

"அணைஞ்சு போச்சுங்கண்ணா. சுத்தமா இருட்டு."

எடுத்தார். எரிந்தது. வைத்தார். அணைந்தது. ஐந்தாறு முறை வைத்து எடுத்துப் பார்த்தார். பிறகு இஞ்சினை நிறுத்திவிட்டுத் திருகைக் கழற்றிக் கம்பியைத் தூக்கினார். வெளியே தங்கமாக இருந்த முனை, கம்பிக்கு அடியில் பச்சையாக இருந்தது. மற்ற இரண்டு முனைகளிலும் அப்படியே. அந்தப் பச்சைக்குள் சந்தனம் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது.

கஸ்பார் அதை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆயுத பூசை அன்று அவர் உறவுக்காரர் கலியாணத்துக்குச் சேலம் போயிருந்தார். காருக்குப் பூசை போட்டவர் என் அம்மா கண்ணாத்தாள். அம்மாவுக்குக் கறுத்த பித்தளையைக் கண்டால் ஆகாது. காலணாக் காசால் திருகைத் திருப்பி, கம்பி மாறிவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, குடம் தேய்ப்பது போல் புளி போட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, மறுபடி மாட்டியிருக்கிறார். மறுநாள் வந்த கஸ்பார் மினுமினுப்பைப் பார்த்து, அம்மா கை பட்டால் எல்லாம் தங்கந்தான் என்று பாராட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது.

அம்மா வாசலிலிருந்து வந்து என்னவென்று கேட்டார். கஸ்பார் சட்டென்று கம்பியை முனைமேல் மூடினார். மழை ஈரமுங்க, நான் சரியாத் திருகாம உட்டுட்டனுங்க என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். வேறு சாமி கும்பிடுகிறவர், பூசையால் கெட்டது என்று எப்படிச் சொல்லுவார்? அதுவும் பிள்ளைப்பேற்றுக்கு முன்னால்.

அம்மா அவர் கையை விலக்கிவிட்டுப் பார்த்தார்.

"பொய் சொல்லாத சாமி. களிம்பு எனக்குத் தெரியாதா? இது நான் போட்ட புளி."

கோபம் இல்லை அவர் குரலில். அதைவிட மோசமானது இருந்தது. அன்று திருகும்போது ஒரு முனையில் பொறி பறந்ததாம். அதை நல்ல சகுனமென்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்தாராம். இப்போது சொன்னார். தன் கையால் செய்த பூசையே காருக்கு நோவாக வந்திருக்கிறது, இது சாமி காட்டும் தடை, இந்தக் காரில் பெண்ணை ஏற்றக் கூடாது என்றார். வில்வண்டியில் நாமக்கல் வரை போகட்டும், இல்லாவிட்டால் மருத்துவச்சியைக் கூப்பிட்டு வீட்டிலேயே பார்க்கட்டும். அப்பா அதட்டினார். டாக்டர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அம்மா அப்படி நின்றுவிட்டால் அப்புறம் பேச்சு ஏறாது. வசந்தாமணி துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கஸ்பார் எங்களோடு சேர்ந்து வாதாடவில்லை. அம்மாவிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

"புளி போட்டுத் தேச்ச கொடத்தை அலசாம வெச்சா என்னாவுமுங்க?"

"களிம்பு பிடிக்கும்."

"அப்பக் கொடத்தை வீதியில வீசிருவீங்களா?"

அம்மா கண்ணைத் திறந்தார். "ஏன் வீசோணும்? தேச்சு அலசித் தண்ணி மோப்பேன்."

"அவ்வளவுதானுங்கம்மா. பூசையில ஒரு கொறையும் இல்லீங்க. அலசறதுதான் பாக்கி. இதைத் தண்ணி ஊத்தி அலச முடியாது, அது உங்களுக்குத் தெரிய ஞாயமில்லீங்க."

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அலசுவதைத் தானே செய்வதாகச் சொன்னார். கஸ்பார் பாட்டரிக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு உப்புத்தாளைக் கொடுத்தார். அம்மா மூன்று முனைகளையும் கம்பி நுனிகளையும் பச்சை போகத் தேய்த்தார். கஸ்பார் ஊதித் துடைத்துத் திருகினார். இஞ்சினை முடுக்கியதும் வசந்தாமணி துண்டுக்குள் போனாள். எரியவில்லை என்றாள். அம்மா அவளை இறங்கச் சொல்லிவிட்டுத் தானும் ஒருமுறை துண்டைப் போட்டுப் பார்த்தார்.

குறித்த நாளுக்கு ஒன்பது நாள் முன்பே வலி வந்துவிட்டது. பிற்பகல் நாலு மணி இருக்கும். காலையிலிருந்து விடாத மழை. பின்சீட்டில் வசந்தாமணி அம்மாவின் மடியில் தலை வைத்திருந்தாள். நான் முன்னால் கஸ்பாருக்குப் பக்கத்தில். நாமக்கல்லைத் தாண்டும்போதே முன்விளக்குகளைப் போட வேண்டியதாயிற்று. துடைப்பான் ஓடிக்கொண்டே இருந்தது. கஸ்பார் சாலையை ஒரு தரம் பார்த்தால் சிவப்பு விளக்கை ஒரு தரம் பார்ப்பார். நானும் அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். அது கறுப்பாக இருந்தது. அப்படியும் எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை.

புதுச்சத்திரத்துக்கு அப்பால் ஓடைத் தண்ணீர் சாலைமேல் போனது. ஒரு கட்டை வண்டி அக்கரையில் நின்றுவிட்டது. வடியும்வரை நிற்க வேண்டும் என்றார் கஸ்பார். இறங்கிப் போய் இடுப்பளவு நனைந்து ஆழம் பார்த்துவிட்டு வந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போனார், வந்தார். இஞ்சினை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்ற பயம் இருந்திருக்கும். கார் நின்ற இடத்தில் இஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, முன்பலகையில் சிவப்பு பளிச்சென்று வந்தது.

வசந்தாமணி பல்லைக் கடித்துக்கொண்டே தலையைத் தூக்கினாள்.

"கஸ்பாரண்ணா, எரியுதுங்க."

"இப்ப எரியலாமுங்கம்மிணி. நின்னா எரியும், ஓடுனா அணையும். நீங்க அதையே பாத்துக்கிட்டு இருங்க. அணையலைன்னா எனக்குச் சொல்லுங்க."

முக்கால் மணி நேரம் அங்கே நின்றோம். அவ்வளவு நேரமும் அவள் அந்தச் சிவப்பைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் கஸ்பார் காரை மெல்ல இறக்கி ஏற்றினார். அக்கரை மேட்டில் இஞ்சின் வேகம் எடுத்தது. விளக்கு மங்கியது, பிறகு இல்லாமல் போனது. அணைஞ்சிருச்சுங்க என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அதன்பிறகு மல்லூர் வரும்வரை அவள் வலியில் கத்தும்போதெல்லாம், மூச்சு வாங்கிக்கொண்டு, இன்னும் எரியலீங்க என்று சேர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். கஸ்பார் ஒவ்வொரு தரமும் சரிங்கம்மிணி என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாள் உடனே உள்ளே கொண்டுபோனார். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் தாயையோ பிள்ளையையோ ஒருவரைத்தான் பார்த்திருப்பீர்கள் என்று பிறகு சொன்னார். விடியற்காலையில் பெண் பிறந்தது. நான் சொல்லுவதற்காக வெளியே ஓடினேன். மழை விட்டிருந்தது. ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் எங்கள் கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே தலைமேல் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு கஸ்பார் குனிந்திருந்தார். பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம் என்றேன். துண்டு அசையவில்லை. உள்ளேயிருந்தே, எரியலைங்க என்று மட்டும் சொன்னார். நான் துண்டை விலக்காமல் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிந்திய ஆயுத பூசைகளுக்கு அவர் லீவு போட்டதில்லை. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தால், பெட்டி மூடியின் மேல் ஓர் இடத்தைக் காட்டி, இங்க வெய்யுங்க என்பார். அம்மாவும் அங்கேயே வைப்பார். மறுநாள் அம்மா பார்க்காத நேரத்தில் எல்லா முனைகளையும் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டுவார். அம்மாவுக்கு அது தெரியும். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கார் சாளையிலேயே கிடந்தது. அப்போதும் வாரம் இருமுறை அதை முடுக்கிவிட்டு, துண்டுக்குள் தலையை விட்டுப் பார்ப்பார்.

போன வருடம் நெஞ்சுச் சளி முற்றி, வேலையை விட்டுச் சேலத்துக்கே போய்விட்டார். புது டிரைவர் நல்லவர், நிதானமானவர். சாப்பிடும்போது எழுந்து போவதில்லை. போன மாதம் கஸ்பாரிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. உடம்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சிவப்பு விளக்கைப் பகலில் பார்த்தால் தெரியாது, துண்டு போட்டுப் பார்க்கச் சொல்லவும், பார்த்துப் பதில் எழுதவும் என்று இருந்தது. எழுதலாம் எழுதலாம் என்று வைத்திருந்தேன். பதில் எழுதவில்லை. எத்தனை நாள் அந்தப் பதிலுக்காக அவருக்கு இருப்புக் கொள்ளாமல் இருந்திருக்கும் என்று இப்போது கணக்கிட்டுப் பார்க்கிறேன். பதினேழு நாள்.

இன்று சாயங்காலம் சாளைக்குப் போய் இஞ்சினை முடுக்கி, துண்டைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கண் பழகும்வரை காத்திருந்தேன். காலை அழுத்தியும் தளர்த்தியும் பார்த்தேன்.

எரியவில்லை கஸ்பார்.